பன்றிக்கறியும் புளித்த கோஸும்: ஸ்லோ குக்கர் வாங்கலாமா, இருக்கிற குக்கரே போதுமா?

பிரான்சோடு இன்னமும் போக்குவரத்து உள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள், பிள்ளைகள் அங்கே இருக்க இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், விடுமுறைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிப் போகிறவர்கள் என்று பலர். இந்த வீடுகளில் மார்கழி நெருங்கினால் யாராவது ஒருவருக்கு ஷூக்ரூத் ஞாபகம் வந்துவிடும். பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் அல்சாஸ் பகுதியின் உணவு அது. மெல்லிசாகச் சீவி உப்பில் புளிக்கவைத்த முட்டைக்கோஸோடு பன்றிக்கறி, சாசேஜ், உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்து நிதானமாக வேகவைப்பார்கள். ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. அங்கே அந்தக் கோஸின் பெயர் சவர்க்ராட். பன்றிக்கறியோடு சேர்த்து வேகவைக்கிற வழக்கம் அங்கேயும் உண்டு.

ஆசை வந்த பிறகுதான் குழப்பம். வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. பிரான்சில் இருக்கும் அண்ணன், “ஸ்லோ குக்கர் ஒன்று வாங்கி வருகிறேன், காலையில் போட்டுவிட்டால் சாயங்காலம் தானாக வெந்திருக்கும்” என்கிறார். சரி என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா? கடலூரில் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ இருப்பவர்களுக்கு இதே கேள்வி ஆன்லைனில் ஆர்டர் போடலாமா என்ற வடிவில் வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இருக்கிற பிரஷர் குக்கரே போதும். ஆனால் கறியையும் கோஸையும் ஒன்றாகப் போட்டு விசில் விடக்கூடாது, இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். ஸ்லோ குக்கர் ஜெயிக்கிற வீடுகளும் உண்டு. அந்த வீடுகளில் அது சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. எந்த வீடு எது என்பதைக் கீழே பார்க்கலாம்.

எதை வைத்து முடிவெடுப்பது

பலரும் நேரத்தை மட்டும் பார்க்கிறார்கள்: ஒன்று ஒரு மணி நேரம், இன்னொன்று எட்டு மணி நேரம். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது, இந்த உணவில் இருக்கிற இரண்டு பொருளுக்கும் தேவை வேறு வேறு என்பது.

பன்றியின் தோள்பட்டை, முழங்கால் போன்ற உழைத்த பகுதிகளில் கொலாஜன் என்கிற இணைப்புத் திசுப் புரதம் அதிகம். அது 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி பஞ்சாகும். சூடு ஏற ஏற இந்த மாற்றம் வேகமாகும். ஆக, கறிக்கு வேண்டியது ஒன்று அதிகச் சூடு, இல்லாவிட்டால் அதிக நேரம்.

கோஸ் அப்படியில்லை. அது ஏற்கெனவே புளித்துப் பதமானது. அதிகச் சூட்டில் அதிக நேரம் இருந்தால் நார் நாராகத் தெரிய வேண்டியது கூழாகிவிடும். இதில் நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. முட்டைக்கோஸ் புளிக்க ஏற்ற வெப்பம் 18-லிருந்து 22 டிகிரி. அந்தக் குளிர்ச்சியில் மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொண்டு, மொறுமொறுப்பு குறையாமல் புளிக்கும். இங்கே சமையலறை மேடையில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஒரு வாரத்திலேயே நன்றாகப் புளித்துவிடுகிறது, கூடவே இளகியும் போகிறது. அதனால் பெரிய மார்க்கெட்டில் கோஸ் வாங்கி வீட்டில் புளிக்கவைத்தது ஒரு ரகம், பாட்டிலில் வருகிற வெளிநாட்டுக் கோஸ் இன்னொரு ரகம். முன்னது சீக்கிரம் கரையும், பின்னது தாங்கும். எந்தப் பாத்திரம் என்று கேட்பதற்கு முன் எந்தக் கோஸ் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, புளிப்பு. புளி கரைத்து ஊற்றிய பிறகு போட்ட காய் லேசில் வேகாது என்பது குழம்பு வைக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தக் கோஸின் லாக்டிக் அமிலமும் அதே வேலையைச் செய்கிறது. கறியை அது பெரிதாகத் தடுக்காது. உருளைக்கிழங்கைத் தடுக்கும். அதே அமிலம் சாதா அலுமினியப் பாத்திரத்தையும் அரிக்கும்.

அப்புறம் உப்பு. ஒரு கிலோ கோஸுக்கு 20 கிராம் உப்பு போட்டுத்தான் புளிக்கவைக்கிறோம். அலசாமல் 150 கிராம் கோஸ் சாப்பிட்டால் அதிலேயே 3 கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. புகையிட்ட கறியோ சாசேஜோ சேர்த்தால் இன்னும் ஏறும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் கோஸை ஒரு தடவை அலசிப் பிழிவது கட்டாயம். மூடியைத் திறந்து உப்புப் பார்க்க எந்தப் பாத்திரம் இடம் கொடுக்கிறது என்பதும் முக்கியம்.

இவற்றோடு கரண்ட், சமையலறை, கறி கையில் கிடைக்கிற நேரம் ஆகியவை. நம் ஊரில் இந்த மூன்றும்தான் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கின்றன.

பிரஷர் குக்கரில்

நம் வீட்டு குக்கர்கள் வெயிட் எழும்பும்போது ஏறக்குறைய 120 டிகிரியைத் தொடுகின்றன. அந்தச் சூட்டில் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிய தோள்பட்டைக் கறிக்கு 20-லிருந்து 25 நிமிடம் போதும். விசில் எண்ண வேண்டாம். ஒரு குக்கர் நிமிடத்துக்கு இரண்டு விசில் விடும், இன்னொன்று ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துக் கடிகாரம் பார்ப்பதே சரி.

ஒரு கிலோ கறிக்கு நான் சொல்கிற முறை இது. தோலும் கொஞ்சம் கொழுப்பும் உள்ள தோள்பட்டைக் கறியாகக் கேட்டு வாங்குங்கள். வெண்பன்றிக் கறி என்றால் கொழுப்பு தாராளமாகவே இருக்கும், தனியாக எண்ணெய் வேண்டாம். கொழுப்புத் துண்டுகளைக் குக்கரிலேயே போட்டு உருக்கி, அதில் கறியை ஒவ்வொரு பக்கமும் பழுப்பேறும்வரை வறுத்தெடுங்கள். இந்தப் படியை விட்டுவிட வேண்டாம். நீரில் வேகும் கறி எத்தனை மணி நேரம் வெந்தாலும் இந்த வறுத்த மணம் வராது. பிறகு இரண்டு பெரிய வெங்காயம், நான்கைந்து பல் பூண்டு, பத்துப் பன்னிரண்டு முழு மிளகு, இரண்டு பிரியாணி இலை, மூன்று கிராம்பு. அல்சாஸில் ஜூனிப்பர் என்கிற ஒரு சிறு காயைப் போடுவார்கள். இங்கே அது எளிதில் கிடைக்காது, மிளகும் கிராம்பும் அந்த இடத்தை நிரப்பும். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீர். வெள்ளை வைன் சேர்க்கிற வீடாக இருந்தால் பாதி தண்ணீர், பாதி வைன். வைன் ஊற்றினால் திறந்தபடியே இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு அப்புறம் மூடுங்கள்.

இருபது நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்து, பிரஷர் தானாக இறங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே இருக்கும் சாறு திடீரென்று கொந்தளிக்கும், கறி வறண்டுபோகும். தானாக இறங்குகிற அந்தக் கால் மணி நேரத்தில் கொழுப்பு மேலே மிதந்துவிடும். வேண்டாத அளவைக் கரண்டியால் எடுத்துவிடலாம்.

இனி இரண்டாம் கட்டம். அலசிப் பிழிந்த 750 கிராம் கோஸை இப்போது சேர்த்து, மூடியைச் சும்மா சாய்த்து வைத்து, சிம்மில் 15-லிருந்து 20 நிமிடம். வீட்டில் புளிக்கவைத்த கோஸுக்கு இதுவே தாராளம். பாட்டில் கோஸ் கெட்டியாக இருந்தால் மறுபடியும் மூடி ஐந்து நிமிடம் பிரஷரில் வைக்கலாம். இந்தக் கட்டத்தில்தான் ருசி பார்த்து உப்பைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர் கூடுதலாகத் தெரிந்தால் திறந்து வைத்து வற்றவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே குக்கருக்கு என் வாக்கு.

உருளைக்கிழங்கைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். குக்கரின் சூட்டில் புளிப்புத் தண்ணீரிலும் அது வெந்துவிடும். ஆனால் கறிக்குத் தேவையான இருபது நிமிடத்தில் உடைந்து சாறோடு கலந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் பிரஷரில் வைத்தால் என்ன ஆகும்? கறி நன்றாக இருக்கும். கோஸ் அடையாளம் தெரியாது. அதைவிட, சீவிய கோஸ் இழைகள் நுரையோடு மேலே வந்து ஆவி போகும் துவாரத்தை அடைக்க வாய்ப்பு உண்டு. இரண்டாம் கட்டத்தில் மறுபடி பிரஷரில் வைப்பவர்களும் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மூடுவதற்கு முன் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாதா அலுமினியக் குக்கர்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை. முதல் கட்டத்தில் புளிப்பு எதுவும் இல்லை என்பதால் கறியை அதில் வேகவைக்கலாம். வைனுக்கும் புளிப்பு உண்டு, அதை மட்டும் இந்தக் கட்டத்தில் தவிர்த்துவிடுங்கள். கோஸ் சேர்க்கும்போது எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மண்சட்டிக்கோ மாற்றிவிடுங்கள். அடி கனமான எவர்சில்வர் குக்கரோ ஹார்ட் அனடைஸ்டு குக்கரோ இருந்தால் மாற்ற வேண்டியதே இல்லை.

ஸ்லோ குக்கரில்

மின்சாரத்தில் இயங்கும் கனமான பீங்கான் பானை இது. லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் கடைசியில் போய்ச் சேர்வது கொதிநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு சூடுதான். ஹையில் சீக்கிரம் போகும், லோவில் மெதுவாகப் போகும். கறியை வெட்டாமல் ஒரே துண்டாக, ஒரு கிலோவுக்கு மேலேயே வைக்கலாம். லோவில் எட்டு மணி நேரம், ஹையில் நான்கைந்து மணி நேரம்.

அடியில் கோஸ், மேலே கறி. உருகும் கொழுப்பு எட்டு மணி நேரமும் கோஸின் வழியாகச் சொட்டிக்கொண்டே இறங்குகிறது. புளிப்பின் கூர்மை போய், அதே புளிப்பு உருண்டு திரண்டு நாக்கில் இதமாக இறங்கும். கறி வெளியே எடுக்கும்வரை முழுத் துண்டாக இருக்கும், கரண்டி பட்டால் பிரியும். இந்த ருசியை இரண்டு கட்டக் குக்கர் முறை முழுதாகக் கொடுத்துவிடாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குக்கரில் செய்ததை ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்து மறுநாள் சுடவைத்தால் பெருமளவு நெருங்கிவிடும்.

கோஸ் இதில் கூழாகாது. சூடு குறைவு, அமிலமும் நாரைப் பிடித்து வைத்திருக்கிறது. பாட்டில் கோஸ் எட்டு மணி நேரத்துக்குப் பிறகும் இழை இழையாகவே இருக்கும். வீட்டில் வெயில் காலத்தில் புளித்த கோஸ் என்றால் மட்டும் பாதியை முதலிலும் மீதியைக் கடைசி ஒரு மணி நேரத்திலும் போடுவது நல்லது.

சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஸ்லோ குக்கரில் தண்ணீர் ஆவியாகிப் போவதே இல்லை என்று சொல்லலாம். கோஸும் கறியும் விடும் சாறு அப்படியே தங்கும். அதனால் 100 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். அப்படியும் கடைசியில் சாறு கூடுதலாகத்தான் இருக்கும், அதை வடித்து வேறு பாத்திரத்தில் அடுப்பில் வைத்து வற்றவைக்க வேண்டும். கறியை வறுப்பதற்கும் தனிச் சட்டி வேண்டும், பீங்கான் பானையை அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். ஒரே பாத்திரத்தில் சமையல் என்ற பேச்சு இங்கே நிற்காது: வறுக்க ஒரு சட்டி, கிழங்குக்கு ஒரு பாத்திரம், சாறு வற்ற ஒன்று.

உருளைக்கிழங்கை இதில் நேரடியாகப் போட்டால் ஏமாற்றம்தான். 90 டிகிரிச் சூடும் புளிப்பும் சேர்ந்தால் ஆறு மணி நேரம் கழித்தும் நடுவில் கடுக்கென்று இருக்கும்.

மூடியைத் திறந்து பார்க்கவும் முடியாது. ஒரு தடவை திறந்தால் இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கறியை அப்படியே போடவே கூடாது. 5-லிருந்து 60 டிகிரி வரையான சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. உறைந்த கறி அந்த வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடக்கும். முழுதாக உருகிய கறியைப் போட்டு, முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்து, அப்புறம் லோவுக்கு மாற்றுவது பாதுகாப்பு.

பன்றிக்கறியின் நாடாப்புழு பற்றிய பயம் பலருக்கும் உண்டு. நியாயமான பயம்தான். கறியின் நடுப்பகுதி 71 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கவலை இல்லை. இரண்டு முறையிலும் அந்தச் சூட்டைத் தாராளமாகத் தாண்டிவிடுகிறோம், நடுவில் கரண்ட் போகாத வரை.

பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்

| விஷயம் | பிரஷர் குக்கர் | ஸ்லோ குக்கர் |
|---|---|---|
| மொத்த நேரம் | ஒன்றரை மணி நேரத்துக்குள் | 5 முதல் 9 மணி நேரம் |
| கறி | துண்டுகளாக, மிருதுவாக | முழுத் துண்டாக, இன்னும் சாறோடு |
| கோஸ் | இரண்டாம் கட்டத்தில் சேர்த்தால் மட்டும் நலம் | முதலிலிருந்தே சேர்க்கலாம் |
| ஊற்றும் தண்ணீர் | 250 மில்லியாவது வேண்டும் | 100 மில்லிக்குள் |
| நடுவில் உப்புப் பார்ப்பது | முடியும் | நடைமுறையில் முடியாது |
| எரிபொருள் | ஏறக்குறைய 100 கிராம் எரிவாயு | ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் |
| கரண்ட் போனால் | பாதிப்பில்லை | கறியே வீணாகலாம் |
| ஆள் இருக்க வேண்டுமா | முழு நேரமும் | முதலிலும் முடிவிலும் |

வாங்கும்போது தெரியாத செலவுகள்

எரிபொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. 250 வாட் ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். கடலூர்க்காரர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கலாம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண அடுக்கு மாறுகிறது. ஏசி ஓடும் கோடை மாதங்களில் அந்த எல்லையை ஒட்டி இருக்கிற வீடு என்றால் யோசிக்கலாம். மற்றபடி மாதம் ஒருமுறை சமைப்பவர்களுக்கு இது செலவே இல்லை.

பெரிய செலவு கரண்ட் போவதில்தான். ஷூக்ரூத் ஆசை வரும் மாதங்களும் நம் கடற்கரையின் புயல் மாதங்களும் ஒன்றே. தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. அவ்வளவு பெரிதாக எதுவும் வேண்டாம், மழைக்காலத்து ஒரு மணி நேர மின்வெட்டே போதும். அதோடு பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம்வரை மின்சாரத்தை நிறுத்தும் நாட்களும் உண்டு. அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் ஸ்லோ குக்கரில் கறியைப் போடக்கூடாது.

வீட்டில் ஆள் இருந்தால் கரண்ட் போனதும் எல்லாவற்றையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி அடுப்பில் வேகவைத்து முடித்துவிடலாம், நஷ்டமில்லை. யாரும் இல்லாதபோது எவ்வளவு நேரம் நின்றிருந்தது என்று தெரியாவிட்டால், பார்க்க வெந்தது போல் இருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு கிலோ கறி போவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் சாப்பிட வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். சமையலறையின் பவர் பிளக் பெரும்பாலும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்காது. இருந்தாலும், முழுதாகச் சார்ஜ் ஏறிய 150 ஆம்பியர்-மணி பேட்டரி 250 வாட்டை நான்கைந்து மணி நேரம்தான் தாங்கும். அதுவும் ஃபேனும் விளக்கும் ஓடாமல்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதில் ஒரு பாகுபாடு உண்டு. பிரான்சின் மின்னழுத்தமும் நம்முடையதும் ஒன்றே, 230 வோல்ட். பிளக் மட்டும் வேறு, எர்த் இணைப்பு சரியாகச் சேரும் பிளக்கை எலக்ட்ரீசியனிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட். அதை இங்கே நேரடியாகச் செருகினால் தீர்ந்தது. இரண்டுக்கும் பொதுவான கவலை பீங்கான் பானை. அதன் எடை பெட்டியில் பாதியை விழுங்கும். இங்கே ஒரு நாள் கைதவறி உடைந்தால் அதே அளவில் மாற்றுப் பானை கிடைப்பது சிரமம், மீதியிருக்கும் இயந்திரம் சும்மா கிடக்கும்.

பிரஷர் குக்கரின் மறைமுகச் செலவு கேஸ்கட். புளித்த கோஸின் வாடையும் பன்றிக்கொழுப்பின் வாடையும் ரப்பரில் ஏறிவிடும், மறுநாள் பருப்பு வைத்தால் தெரியும். இதற்கென்று தனிக் கேஸ்கட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது சின்னச் செலவு, பெரிய நிம்மதி. பன்றிக்கறி சாப்பிடாத உறவினர்கள் வந்து போகிற வீடாக இருந்தால் கேஸ்கட் மட்டும் போதாது, தனிக் குக்கரே வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி கேட்கும்போது தயங்காமல் பதில் சொல்ல முடியும். பல வீடுகளில் ஸ்லோ குக்கர் வாங்குவதற்கு உண்மையான காரணமே இதுதான், அது நல்ல காரணமும்கூட.

வாடை என்றதும் வாடகை வீட்டுக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். குக்கரில் செய்தால் வாடை ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்துவிடும். ஸ்லோ குக்கரில் மெல்லிய வாடை காலையிலிருந்து சாயங்காலம்வரை மாடிப்படியில் நிற்கும். எதிர்வீட்டாரோடு ஒரே வராந்தாவைப் பகிர்ந்துகொள்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. பின்கட்டோ, கூரையுள்ள பால்கனியோ இருந்தால் ஸ்லோ குக்கரை அங்கே வைத்துவிடலாம். கத்திரி வெயிலில் சமையலறை கொஞ்சம் தணிந்திருக்கும் என்பதும் லாபம்.

எந்தப் பாத்திரமானாலும் கோஸில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சூட்டில் செத்துவிடும், வைட்டமின் சியும் குறையும். வயிற்றுக்கு நல்லது என்பதற்காகத்தான் கோஸ் என்றால், ஒரு கைப்பிடியைப் பச்சையாக எடுத்து வைத்துப் பரிமாறும்போது ஓரத்தில் வையுங்கள்.

எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்?

இரண்டு வேலையும் செய்யும் என்று சொல்லி விற்கப்படுகிறது. பிரஷரில் சமைப்பதை நன்றாகவே செய்யும். அதன் அழுத்தம் நம் அடுப்புக் குக்கரைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் ஐந்து பத்து நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். வறுப்பதையும் அதிலேயே செய்யலாம், உள்பாத்திரம் எவர்சில்வர் என்றால் புளிப்பும் பிரச்சினையில்லை. ஸ்லோ குக்கர் பட்டனை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். இதில் சூடு அடியிலிருந்து மட்டும் வருகிறது, பீங்கான் பானையைப் போலச் சுற்றிலும் பரவுவதில்லை. பெரிய துண்டுக் கறிக்கு அது சரிப்படாது.

யாருக்கு எது

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கி மதியம் சாப்பிடுகிற வீடு: பிரஷர் குக்கர். பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் வாங்கினாலும் ஒரு மணிக்குச் சாப்பாடு தயார். ஸ்லோ குக்கர் என்றால் சனிக்கிழமையே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து, விடியற்காலையில் எழுந்து போட வேண்டும்.

மூன்று நான்கு பேர் உள்ள வீடு, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் செய்வார்கள் என்றால்: பிரஷர் குக்கர், யோசிக்கவே வேண்டாம்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு: இவர்களுக்காகத்தான் ஸ்லோ குக்கர் என்று விளம்பரம் சொல்கிறது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆளில்லாத வீட்டில் பகல் முழுக்கக் கறி வேகவைப்பதற்கு நம்பகமான மின்சாரம் வேண்டும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் அந்த உறுதி இல்லை. அவர்கள் ராத்திரி பத்து மணிக்குப் போட்டு, காலையில் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம். சாயங்காலம் வந்து சுடவைத்தால் ருசியும் கூடியிருக்கும்.

வயதான தம்பதி, தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் பிரான்சில்: ஸ்லோ குக்கர். விசில் காதில் விழாமல் போவது, அடுப்பை அணைக்க மறப்பது, மூடியைப் பலமாகத் திருகித் திறப்பது என்று எந்தக் கவலையும் இதில் இல்லை. தீயே இல்லை. பகலில் வீட்டில்தான் இருப்பார்கள் என்பதால் கரண்ட் போனாலும் உடனே தெரியும். அண்ணன் வாங்கி வருவதானால் இவர்களுக்கு வாங்கி வரட்டும். சின்ன அளவே போதும். இரண்டு பேருக்கு ஆறு லிட்டர் பானையில் அரை கிலோ போட்டால் பானை பாதிகூட நிரம்பாது, அடி காய்ந்து சுவரில் ஒட்டும்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குப் போகிற குடும்பம்: ஸ்லோ குக்கருக்கு இதைவிடப் பொருத்தமான ராத்திரி இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டு, ஆறு மணிக்கு லோவுக்கு மாற்றிவிட்டு, ஜென்மராக்கினி மாதா கோயிலுக்கோ இருதய ஆண்டவர் கோயிலுக்கோ போய்விட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பினால் சூடாக இருக்கும். அன்று புயல் எச்சரிக்கை எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

பிரான்சின் தேசிய தினமான ஜூலை 14 போன்ற நாளில் பதினைந்து இருபது பேருக்குச் சமைப்பவர்களுக்கு இரண்டுமே சிறிது. அடி கனமான பெரிய பாத்திரத்தில் கறியை இரண்டு மணி நேரம் சிம்மில் வேகவைத்து, கோஸைக் கடைசி நாற்பது நிமிடத்தில் சேருங்கள்.

இன்னமும் மனம் ஒருநிலைப்படவில்லையா? வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கறியை இரண்டு பங்காக்கி, ஒன்றைக் குக்கரில் இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். இன்னொன்றைக் கோஸோடு சேர்த்து, இறுக மூடிய கனமான எவர்சில்வர் பாத்திரத்தில், மிகச் சின்னத் தீயில், அடியில் தோசைக்கல் வைத்து மூன்று மணி நேரம் விடுங்கள். ஸ்லோ குக்கர் கொடுக்கும் ருசிக்கு அது மிக அருகில் வரும். எது எது என்று சொல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் இரண்டையும் பரிமாறுங்கள். வித்தியாசத்தை அவர்களாகச் சொன்னால் வாங்கலாம். சொல்லாவிட்டால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல எவர்சில்வர் குக்கரும், கூடவே ஒரு தனிக் கேஸ்கட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.